பாறு வாழட்டும், செத்த மாட்டை யார் இழுப்பது?

'பிணந்தின்னி' என்று ஒருத்தன் வைதால் யாரை வைகிறான் என்று தெரிந்துகொள்ள நம் வளவுகளில் பிறந்த யாரும் அகராதி புரட்ட வேண்டியதில்லை. செத்த மாட்டைத் தின்றவன் என்பதன் சுருக்கம் அது. அதே சொல்லை ஒரு பறவையின் தலையிலும் கட்டி வைத்திருக்கிறார்கள்: பிணந்தின்னிக் கழுகு. பழந்தமிழில் அதற்குப் பாறு என்று நல்ல பேர் இருக்கிறது. ஊரார் அந்தப் பேரை விட்டுவிட்டு வசவைப் பேராக்கிக் கொண்டார்கள். நமக்கும் அதே கதைதான்.

இப்போது அந்தப் பறவையைக் காப்பாற்றச் சில இளைஞர்கள் மலையடிவாரத்து ஊர் ஊராக அலைகிறார்கள். காப்பாற்றத்தான் வேண்டும். இந்தக் கட்டுரை அவர்களுக்கு எதிராக எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் ஊருக்குள் வந்து பேசும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள். அதை மறித்துக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா மாடு இழுத்தவர். தாத்தாவும் அப்படியே. சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே சமவெளியில் ஒரு ஊர். ஊர்ப் பேர் வேண்டாம், அந்தப் பக்கத்து எந்த ஊர்ப் பேரைப் போட்டாலும் பொருந்தும். தோட்டத்தில் மாடு செத்தால் பண்ணையத்து ஆள் வளவு முனையில் நின்று குரல் கொடுப்பான், உள்ளே வரமாட்டான். நாலு பேர் போய்க் கால்களைச் சேர்த்துக் கட்டி, மூங்கில் கழியைக் கொடுத்துத் தூக்கி, பள்ளத்தோரம் கொண்டு போட வேண்டும். சோறு தின்றுகொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். உரித்த தோலுக்கு உப்புத் தடவி, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் போட்டுப் பதம் பண்ணி, கவலைச் சாலுக்குத் தும்பி தைத்து, அதே பண்ணாடியின் காலுக்குச் செருப்பும் தைத்துக் கொடுக்க வேண்டும். கூலி என்று வருசத்துக்குச் சில வள்ளம் கம்போ சோளமோ. மிச்சக் கூலி செத்த மாட்டின் கறி. அதைத் தின்றதற்குத்தான் மேலே சொன்ன வசவு.

பாறுகளை நான் பார்த்ததெல்லாம் அந்தப் பள்ளத்தோரம்தான். உரித்து முடிக்கும் வரைக்கும் பனை மட்டைகளிலும் வேல மரத்திலும் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவசரப்படாது. அப்பா கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டு எழுந்தார் என்றால் ஒவ்வொன்றாக இறங்கும். அரைமணி, முக்கால்மணி, எலும்புக்கூடுதான் மிச்சம். நாய் அண்டாது, நாற்றம் கிடையாது. ஊர் எங்களையும் அசிங்கம் என்றது, அதையும் அசிங்கம் என்றது. நாங்கள் ரெண்டு பேரும் இல்லாவிட்டால் அந்த ஊர் நாறிப்போயிருக்கும்.

அப்புறம் பாறு வரவில்லை. நம் ஊரில் மட்டுமல்ல, இந்தியா முழுக்க. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியது. உலகத்தில் இத்தனை வேகமாக அழிந்த பறவை அபூர்வம். நோயா, பூச்சிமருந்தா என்று பல வருசம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2004இல் விடை வந்தது: டைக்ளோஃபெனாக். மனுசனுக்கு முட்டிவலிக்குப் போடுகிற அதே மருந்து. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலை சரிந்து, மாட்டுக்கும் ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால் கறியில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோகும். உடம்புக்குள் குடல், ஈரல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல யூரிக் அமிலம் படியும். கழுத்து தொங்கிச் சில நாளில் சாகும். நூறு மாட்டில் ஒரு மாட்டின் உடம்பில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மாட்டின் மேல் ஐம்பது அறுபது பாறு ஒரே பந்தியில் உட்காரும். வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட அஞ்சு வருசம் போல ஆகும். எப்படித் தாங்கும்?

இங்கே ஒரு விசயத்தைச் சுற்றுச்சூழல் கட்டுரைகள் மென்று முழுங்கிவிடும். மாடு வைத்திருக்கிற நாடு உலகத்தில் எத்தனையோ. இந்த நாட்டில் ஏன் மருந்து ஏறிய மாடு பறவையின் வாய்க்குப் போனது? கிழட்டு மாட்டை, கால் நொண்டிய மாட்டைக் கறிக்கு விற்பது பாவம் என்று ஆக்கி வைத்திருப்பதால். கோமாதா கொட்டடியில் வலிமருந்தோடு காலம் தள்ளி, மருந்தோடு சாகிறாள். செத்த மறு நிமிசம் மாதா பிணமாகிவிடுகிறாள், தொடக்கூடாது. உயிரோடு இருக்கிறவரை அவர்களுடைய தாய். செத்தால் எங்களுடைய வேலை. இந்தப் புனிதம்தான் பாறுக்கு விசம் வைத்தது என்பதை ஒரு துண்டறிக்கையிலாவது அச்சடித்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

இனி வேலை செய்கிறவர்களைப் பற்றி. குறை சொல்லும் முன் செய்ததைச் சொல்வது மரியாதை. நீலகிரிக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ஓடும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது, பாறை இடுக்குகளில் கருங்கழுத்துப் பாறு. செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும் உண்டு. நாலு இனமும் ஒரே பள்ளத்தாக்கில். அவை பிழைத்தது தானாக நடந்ததல்ல. கோவையிலிருந்து இயங்கும் அருளகம் போன்ற சின்னச் சின்ன அமைப்புகள் மருந்துக்கடை மருந்துக்கடையாக, ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டியாக ஏறி இறங்கியிருக்கின்றன. கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006இல் தடை செய்யப்பட்டது. ஆனால் மனுசனுக்கு என்று பெரிய குப்பியில் விற்ற மருந்து பின்வாசல் வழியாக மாட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. குப்பி மூணு மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015இல்தான் ஆணை வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும், 2024 முடிகிற நேரத்தில் நிமிசுலைடும் கால்நடைக்கு விலக்கப்பட்டன. பதிலுக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, பாறுக்குக் கெடுதல் இல்லை என்று சோதித்துப் பார்த்த மருந்து. ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் மனுப்போட்டு நடையாய் நடந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூணும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 பாறு. அதே வருச டிசம்பரில் 320. மூணு மாநிலத்துக்கும் சேர்த்து ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும் கூட்டம். இதைக் காப்பது சின்ன வேலையா? இல்லை.

இனி நான் போயிருந்த ஒரு கூட்டம். மேலே சொன்ன அமைப்பு இல்லை, வேறு ஒரு குழு, பேர் வேண்டாம். மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றில் பள்ளிக்கூடத்து மைதானம். வந்த பையன்களும் பெண்பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். படம் போட்டுக் காட்டினார்கள். புலி அடித்த மாட்டின் மேல் பூச்சிமருந்தை ஊற்றி வைக்காதீர்கள், புலிக்கு வைத்த விசத்தில் பாறும் சாகும் என்றார்கள். சரிதான். மாட்டுக்குப் போடுகிற ஊசியின் பேரைப் பார்த்துப் போடுங்கள் என்றார்கள். அதுவும் சரிதான். கடைசியில் வந்தது வினை. இப்போதெல்லாம் செத்த மாட்டைக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறீர்கள், பாறுக்கு இரை இல்லாமல் போகிறது, நம் முன்னோர்கள் காலத்துப் பழைய வழக்கப்படி ஊருக்கு வெளியே திறந்த வெளியில் கொண்டு போய்ப் போடுங்கள் என்றார் ஒரு தம்பி. கூட்டத்தின் முன்வரிசை தலையாட்டியது. முன்வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

பின்னால் வேப்பமரத்தடியில் வளவுப் பொம்பளைகள் நின்றிருந்தார்கள். அதிலிருந்து ஒரு அம்மா, எழுபது வயசுக்கு மேலிருக்கும், சத்தமாகக் கேட்டது: "ஏங் கண்ணு, போடுங்க போடுங்கன்னு சொல்றயே, ஆரு போடறது? என்ற மாமனாரு போட்டாரு, என்ற ஊட்டுக்காரரு போட்டாரு. என்ற பையன் போடமாட்டேன்னு சொல்லிப் போட்டு மண்டை ஒடஞ்சு ஆசுபத்திரியில கெடந்தான். இப்ப என்ற பேரனைப் போடச் சொல்றயா?"

அந்தத் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் அப்படிச் சொல்லலீங்கம்மா என்றார். அவர் அப்படிச் சொல்லவில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். சொல்லாமலே அப்படித்தான் ஆகும் என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே வளர முடிந்திருக்கிறது என்பதுதான் என் புகார். 'நம் முன்னோர்', 'பழைய வழக்கம்', 'ஊர் கூடிச் செய்தது' என்கிறீர்களே, ஊர் எப்போதப்பா கூடிச் செய்தது? ஊர் கூடித் தேர் இழுத்தது. மாடு இழுத்தது நாங்கள். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று நீங்கள் பூரித்து எழுதுகிற அந்தச் சுழற்சியில் மாடு ஒரு கண்ணி, பாறு ஒரு கண்ணி. இரண்டுக்கும் நடுவே ஒரு மனுசனின் தோள் இருந்தது. உங்கள் படத்தில் அம்புக்குறி போட்டு மாட்டிலிருந்து பாறுக்குப் போகிறீர்களே, அந்த அம்புக்குறிதான் என் அப்பா.

இழுக்க மாட்டோம் என்று சொல்ல நாங்கள் கொடுத்த விலையை யாரும் எந்த ஆவணப் படத்திலும் எடுக்கவில்லை. 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டிலேயே அண்ணல் சொல்லிவிட்டார்: செத்த மாட்டை இழுக்காதே, செத்த மாட்டைத் தின்னாதே. குளத்தில் தண்ணீர் குடித்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம், இதுவும் அந்த மாநாட்டில் சொன்னதுதான். மகர்கள் நிறுத்தியதும் கேசரி பத்திரிகையில் ஒருவர் கணக்குப் போட்டு எழுதினாராம்: தோல், கொம்பு, எலும்பு என்று எவ்வளவு வருமானத்தை இந்த ஆள் தன் சனத்துக்கு இல்லாமல் பண்ணிவிட்டார் பார், என்று. அவ்வளவு வருமானம் என்றால் நீங்களே இழுத்து எடுத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு நானும் பணம் தருகிறேன் என்று பதில் சொன்னதாக 1956 அக்டோபர் 15 நாக்பூர் உரையில் அண்ணல் நினைவுகூர்கிறார். எழுபது வருசம் ஆகப்போகிறது. அந்தப் பணத்தை வாங்க இன்னும் ஒருத்தரும் வரவில்லை.

எங்கள் வளவு நிறுத்தியது 1991இல், அண்ணலின் நூற்றாண்டு கொண்டாடிய கையோடு. நாலு மாசம் பண்ணையத்தில் வேலை கிடையாது. மளிகைக் கடையில் உப்பு கிடையாது. பால் சொசைட்டியில் எங்கள் எருமைப் பாலில் தண்ணீர் என்று திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்தில் செத்த காளை ஒன்று மூணு நாள் கிடந்து ஊதி வெடித்தது. நாலாம் நாள் டிராக்டர் வந்தது. சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். டிராக்டர் அதற்கு முன்பும் அந்த ஊரில் இருந்ததுதான். எங்கள் தோள் இருந்தவரைக்கும் அது யார் கண்ணுக்கும் படவில்லை.

தமிழ்நாட்டோடு முடிகிற கதையும் அல்ல இது. 2002 அக்டோபரில் அரியானாவின் சஜ்ஜர் மாவட்டத்துத் துலீனாவில் மாட்டுத்தோல் கொண்டு போன அஞ்சு தலித்துகளைக் கூட்டம் அடித்தே கொன்றது. 2016 சூலை 11, குசராத்தின் உனா. செத்த மாட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களைக் காரில் கட்டி, சட்டையைக் கழற்றி, நடுத்தெருவில் வைத்து விளாசினார்கள், படமும் எடுத்துப் போட்டார்கள். இழுக்காவிட்டாலும் அடி, இழுத்தாலும் அடி. அதற்குப் பதிலாக அந்த மக்கள் செய்ததைப் பாருங்கள், சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்து வாசலில் செத்த மாடுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உன் அம்மாதானே, நீ அடக்கம் பண்ணிக்கொள் என்றார்கள். இந்திய அரசியலில் இவ்வளவு சுருக்கமான வாதத்தை நான் கேட்டதில்லை.

சட்டமும் நம் பக்கம் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. தீண்டாமையின் பேரில் ஒருத்தனைச் செத்த மாடு அகற்றவோ தோலுரிக்கவோ கட்டாயப்படுத்தினால் குற்றம் என்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 7ஏ பிரிவு 1976 திருத்தத்தில் சேர்ந்தது. 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் இன்னும் நேராகப் பேசுகிறது: பட்டியல் சாதியாரையோ பழங்குடியினரையோ மனிதப் பிணத்தையோ விலங்கின் பிணத்தையோ சுமக்க வைத்தால், குழி தோண்ட வைத்தால், அது வன்கொடுமை. பாறு பாதுகாப்புத் துண்டறிக்கையில் வன உயிரினச் சட்டம் 1972 இருக்கிறது. இந்தப் பிரிவுகளையும் ரெண்டு வரியில் சேர்த்து அச்சடிக்க மை தீர்ந்துபோகாது.

இதுவரை அவர்களோடு பேசினேன். இனி நம்மவர்களோடு.

கூட்டம் முடிந்து திரும்பும்போது நம் தோழர் ஒருவர் சொன்னார்: "விடுங்கண்ணா, நமக்கு எதுக்கு இந்தப் பறவை எழவெல்லாம்? புலி, யானை, பாறுன்னு பேசறது மேல்சாதிக்காரனுக்குப் பொழுதுபோக்கு. காட்டைக் காப்பாத்தறேன்னு வந்தவன் வாச்சாத்தியில என்ன பண்ணான்?" வாச்சாத்தியை நானும் மறக்கவில்லை. 1992 சூனில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஒரு மலையாளி ஊரையே சூறையாடி, பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று, உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆயிற்று. 'காட்டைக் காப்பது' என்ற வார்த்தையைக் கேட்டால் நம் சனத்துக்கு லத்தி ஞாபகம் வருவது நியாயம்தான்.

ஆனால் பறவை நமக்கு எதற்கு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பாறு போனதும் அதன் இடத்துக்கு வந்தது யார்? தெருநாய். குப்பைமேட்டில் செத்த மாட்டைத் தின்று நாய் பெருத்தது, வெறிநோய் பெருத்தது. அழுகின பிணம் ஓடையில் கலந்தது. 2000 முதல் 2005 வரை அந்த அஞ்சு வருசத்தில் மட்டும் பாறு அழிந்ததன் விளைவாக இந்தியாவில் கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் அஞ்சு லட்சம் பேர் என்று ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அந்தச் சாவில் யார் வீட்டுச் சாவு அதிகம் இருந்திருக்கும் என்று அந்தக் கணக்குச் சொல்லவில்லை. கதவில்லாத வீட்டுத் திண்ணையில் படுப்பவன் யார், ஓடைத் தண்ணீரைக் குடிப்பவன் யார், நாய் கடித்தால் அரசு ஆசுபத்திரியில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவன் யார் என்று நமக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் இழுக்க மாட்டோம் என்றோம், டிராக்டர் வந்தது. எல்லா ஊருக்கும் வரவில்லை தோழர். பேரூராட்சியில் மாடு செத்தால் இன்றைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்? தூய்மைப் பணியாளரை. கையுறை இல்லாமல், ஒப்பந்தக் கூலிக்கு, ஆறடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை? வளவை விட்டுப் போன வேலை வேறு பேரில், வேறு சட்டையில், அதே வளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பாறு இருந்தால் அந்தக் குழி வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை ஒன்றுதான் மிஞ்சும், அதை எந்திரம் செய்யும். பாறு நமக்கு விரோதி இல்லை. நம்மோடு ஒரே பள்ளத்தோரத்தில் வேலை பார்த்த கூட்டாளி.

அந்தக் கூட்டாளிக்கு இப்போது புதுப் பேர் சூட்டியிருக்கிறார்கள்: சடாயு. அரியானாவின் பிஞ்சோரில் பாறு வளர்க்கிற மையத்துக்குச் சடாயு என்று பேர். நேபாளத்தில் அதற்கு இரை வைக்கிற இடத்துக்குச் சடாயு உணவகம் என்று பேர். ராமனுக்கு உதவிய பறவையாம், அதனால் காக்க வேண்டுமாம். இந்தத் தந்திரத்தை நாம் முன்னமே பார்த்திருக்கிறோம். நம்மைத் தொட வேண்டி வந்தபோது அரிசனம் என்று பேர் வைத்தார்கள். சாமி பேரை ஒட்டினால்தான் தொடமுடிகிறது, மனுசன் என்றால் தொடமுடியவில்லை. பறவைக்கும் அதேதான். செத்ததைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கிறது என்பது காப்பதற்குப் போதுமான காரணமாக இல்லை, புராணத்தில் பங்கு இருக்க வேண்டும்.

திருக்கழுக்குன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வேளையில் வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்று போன ரெண்டு கழுகையும் முனிவர்கள் என்று கும்பிட்டார்கள். அவை மஞ்சள்முகப் பாறு. வெள்ளையாக இருப்பதால் பாப்பாத்திக் கழுகு என்றும் அதற்கு ஒரு பேர். சாணியும் மலமும் அழுகலும் தின்கிற பறவை. குன்றின் மேல் பொங்கல், குன்றை விட்டு இறங்கினால் பிணம், ரெண்டும் அதற்கு ஒன்றுதான். தொண்ணூறுகளுக்குப் பிறகு அவையும் வருவதில்லை. கலி முற்றிவிட்டது என்றார்கள் பக்தர்கள்.

நேபாளத்து உணவகத்தின் பேர்தான் எனக்கு ஆகாது, வேலையில் கற்றுக்கொள்ள விசயம் இருக்கிறது. 2006இல் பித்தௌலி என்ற ஊரில் தொடங்கினார்கள். உழைக்க முடியாத கிழ மாடுகளை வாங்கி, கெட்ட மருந்து எதுவும் போடாமல் வைத்துப் பராமரித்து, தானாகச் செத்த பின் தோலை உரித்துவிட்டுப் பாறுக்கு வைக்கிறார்கள். ஊர்ச் சங்கம் நடத்துகிறது, தோலும் எலும்பும் விற்ற காசு பொதுவில் சேர்கிறது. இங்கேயும் நடத்தலாம். நடத்துங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். அங்கே கத்தி பிடிக்கப் போகிறவர் யார், சங்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர் யார் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதி வையுங்கள். இழுக்கிறது நாங்கள், தலைவர் நீங்கள் என்றால் அது பழைய பள்ளத்தோரம்தான், பெயர்ப்பலகை மட்டும் புதுசு.

செத்த மாடு ஊராட்சியின் பொறுப்பு, கால்நடைத் துறையின் பொறுப்பு. தூக்கும் சங்கிலியும் வண்டியும் அரசு வாங்கட்டும். மாட்டுக்குக் கடைசியாக என்ன ஊசி போட்டது என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எந்தப் பிணத்தையும் பாறுக்கு வைக்கக் கூடாது. இது பறவைக்காகவே வேண்டும், அந்தப் பிள்ளைகளே ஒத்துக்கொள்வார்கள். வண்டி ஓட்டுகிற, உரிக்கிற ஆளுக்கு நிரந்தர வேலை, ஓய்வூதியம், மருத்துவக் காப்பு. எல்லாச் சாதிக்கும் அந்த வேலை திறந்திருக்கட்டும். முதல் பத்து வருசம் நம் ஆட்கள் யாரும் விண்ணப்பிக்கக் கூடாது என்றே நான் சொல்வேன். அரசுச் சம்பளம் ஆயிற்றே, நாங்கள் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பேசலாம். அந்தச் சண்டை நமக்குள் நடக்க வேண்டியதுதான். கண்காணிப்புக் குழு என்று மாநில அளவில் 2022இல் ஒன்றை அமைத்தார்கள். விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் வேண்டியதுதான். மாவட்டத்துக்கு மாவட்டம் அப்படிக் குழு வரும்போது, செத்த மாட்டின் வயிற்றைப் பார்த்தே எதனால் செத்தது என்று சொல்லத் தெரிந்த நம் கிழவர்கள் ரெண்டு பேர் அதில் உட்கார வேண்டும், நிபுணர் என்ற பேரில், பயணப்படியோடு.

அன்றைக்குக் கூட்டம் நடத்திய பிள்ளைகள் மறு வாரமே வளவுக்கு வந்தார்கள், அதையும் எழுதியாக வேண்டும். ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார்கள். துண்டறிக்கையிலிருந்து 'பழைய வழக்கப்படி' என்ற வார்த்தையை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். எடுத்தால் போதாது, அந்த இடத்தில் வேறு எழுத வேண்டும் என்றோம். என்ன எழுதுவது என்று கேட்டார்கள். விடிய விடிய உட்கார்ந்து கிராமசபைக்கு ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம்: இந்த ஊராட்சி எல்லைக்குள் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக், நிமிசுலைடு போடுவதில்லை. மாட்டுப் பிணத்தில் விசம் வைப்பதில்லை. செத்த மாட்டை அதன் உடைமையாளர் செலவில் ஊராட்சி வண்டி எடுத்துச் செல்லும். எந்தச் சாதியாரையும் சாதியின் பேரால் அதற்கு அழைப்பதில்லை.

வருகிற அக்டோபர் 2 கிராமசபையில் இது படிக்கப்படும். முதல் மூணுக்கும் முன்வரிசை கை தூக்கும். நாலாவதைப் படிக்கும்போது யார் யார் கை தூக்குகிறார்கள் என்று பேர் பேராகக் குறித்துக்கொள்ள வேப்பமரத்தடி அம்மாவின் பேரன் நோட்டோடு உட்காரப் போகிறான்.